ஐந்துக்கு ஐந்து வாங்கிய பயிற்சிகள்

பயிற்சி முடிந்த கையோடு ஒரு தாளை நீட்டுவார்கள். "இந்தப் பயிற்சி உங்கள் பணிக்கு எந்த அளவு பயன்படும்?" என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் போட்டிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் நான்கிலோ ஐந்திலோ டிக் அடித்துவிட்டுப் போவார்கள். பயிற்சியாளர் கலகலப்பாகப் பேசியிருந்தால் ஐந்து. மதியச் சாப்பாடும் நன்றாக இருந்தால் சந்தேகமே இல்லாமல் ஐந்து. பிறகு யாரோ ஒருவர் அந்தத் தாள்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, "பங்கேற்பாளர்களின் ஆலோசனைத் திறன் கணிசமாக மேம்பட்டுள்ளது" என்று அறிக்கை எழுதுவார்.

குழந்தை நலப் பணியாளர்களுக்குக் கவுன்சலிங் திறன் பயிற்சி தருவதும், அந்தப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவதும்தான் என் வேலையின் பெரும்பகுதி. ஆய்வேடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். முன்தேர்வு, நடுவில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், பின்தேர்வு. "பிறர் சொல்வதை நான் கவனமாகக் கேட்பேன்" என்ற வாக்கியத்துக்கு முதலில் மூன்று போட்டவர் பின்னால் நான்கு போடுகிறார். வித்தியாசம் புள்ளியியல்படி முக்கியமானது என்று அட்டவணை சொல்கிறது. கருதுகோள் ஏற்கப்பட்டது, பட்டம் கிடைத்தது.

இதில் ஆள் ஒருவர் குறைகிறார். அந்தப் பணியாளர் அடுத்த வாரம் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாரோ அந்தத் தாய். அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளை. அவர்களிடம் பேசும் விதம் மாறியதா என்று யாருமே பார்ப்பதில்லை. தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைத் திறன் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற உரையாடல் முறையை உருவாக்கியவர். எதிரில் இருப்பவரை வாதாடி மடக்காமல், மாற வேண்டும் என்று அவருக்குள்ளேயே இருக்கும் காரணங்களை அவர் வாயால் வெளிக்கொண்டுவரும் முறை அது. 2001-இல் அவரும் கேத்லீன் மவுண்ட்டும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். நன்னடத்தைக் கண்காணிப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. முடிந்தபின் கேள்வித்தாள் நிரப்பியபோது எல்லோரும் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். அவர்களுடைய உண்மையான உரையாடல்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒலிப்பதிவு செய்து கேட்டபோதோ மாற்றம் சிறியதாகத்தான் இருந்தது. புதிய உத்திகள் கொஞ்சம் சேர்ந்திருந்தன. பழைய பழக்கங்கள் அப்படியே கூடவே இருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. தன் முறைக்கான பயிற்சியே போதவில்லை என்று அதை உருவாக்கியவரே அச்சில் ஏற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் பக்கத்தில் இதைச் செய்யத் துணிபவர்கள் குறைவு. அடுத்த பயிற்சிக்கு நிதி வர வேண்டுமே.

அவர்கள் செய்ததில் மர்மம் எதுவும் இல்லை. ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள், அவ்வளவுதான். 1942-இலேயே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் ஒரு முழு ஆலோசனையை, முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு வரை, சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கித் தன் நூலில் அச்சிட்டார். ஒலித்தட்டில் பதிவு செய்த காலம் அது. பதிவின் நடுவே தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறைக்கு வெளியே இருப்பவர்கள் முழுசாகப் படிக்க முடிந்தது அப்போதுதான். 1960களில் ஆலோசனை உளவியலாளர் ஆலன் ஐவியும் அவருடைய சகாக்களும் வீடியோ கேமராவைப் பயிற்சி அறைக்குள் கொண்டுவந்தார்கள். கண்ணைப் பார்ப்பது, உடல் சாய்வு, கேள்வியின் வகை, சொன்னதைச் சுருக்கித் திருப்பித் தருவது என்று திறன்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்து, போட்டுக் காட்டி, மறுபடி செய்ய வைத்தார்கள். இன்றைக்கு நாம் நடத்தும் பயிற்சிகளின் பாடத்திட்டம் பெரும்பாலும் ஐவியிடமிருந்து வந்ததுதான். பாடத்தை எடுத்துக்கொண்டோம், கேமராவை மட்டும் விட்டுவிட்டோம்.

சமூகப் பணிப் படிப்பில் இதற்குப் பதிலாக பிராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று உண்டு. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்த மாணவி, அன்றிரவு உட்கார்ந்து நினைவிலிருந்து உரையாடலை எழுதுவார். நல்ல பயிற்சிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைவு என்பது நமக்குச் சாதகமான சாட்சி. எழுதிய தாளில் மாணவி எப்போதும் பொறுமையாகவே பேசியிருப்பார். தாய் சொல்லி முடிக்கும் முன் குறுக்கே வெட்டிய இடம் அதில் இருக்காது. அவர் மறைக்கவில்லை, அது அவர் நினைவிலேயே பதியவில்லை.

ஒரு பயிற்சி அறையில் பதிவான ரோல் பிளே ஒன்றை இங்கே தருகிறேன். சூழல் இது: ஏழு வயதுப் பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை, அம்மா இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், பையனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். பணியாளராக நடித்தவர் துறையில் நல்ல அனுபவம் உள்ளவர்.

"போன வாரம் மூணு நாள் பையன் ஸ்கூலுக்கு வரலையே, ஏம்மா?"

"காய்ச்சல்ங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினோம்."

"சீட்டு இருக்கா?"

"எங்கியோ வச்சிருக்கேன்."

"ராத்திரி யார் பாத்துக்கிறாங்க? நீங்க ஷிப்ட் போறீங்கள்ல?"

"நான்தான். இல்லன்னா எங்க அம்மா."

"உங்க அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு சொன்னாங்களே?"

பதில் இல்லை.

ஆறு கேள்விகள். அம்மா பேசியது மொத்தம் எட்டுச் சொற்கள். பணியாளர் கடுமையாகப் பேசவில்லை, குரலை உயர்த்தவில்லை, 'அம்மா' என்றுதான் அழைத்தார். பதிவைப் போடும் முன் கேட்டபோது, "நல்லாத்தான் போச்சு, ஆனா அவங்க ஒத்துழைக்கல" என்றார். கேஸ் பைலிலும் இப்படித்தான் எழுதியிருப்பார்: "தாய் ஒத்துழைப்புத் தரவில்லை." பைலைப் புரட்டும் அடுத்த பணியாளர் அதைத் தாயின் குணமாகவே எடுத்துக்கொள்வார்.

பதிவை வரி வரியாகக் கேட்டோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது மூடிய கேள்வியா (ஓரிரு சொல்லில் பதில் முடிந்துவிடுவது), திறந்த கேள்வியா (விரிவாகச் சொல்ல இடம் தருவது), பிரதிபலிப்பா (எதிரில் இருப்பவர் சொன்னதை நம் சொல்லில் திருப்பித் தருவது), அறிவுரையா, எச்சரிக்கையா என்று குறித்தோம். இதைத்தான் கோடிங் என்கிறோம். மில்லரின் முறைக்கென்றே இருக்கும் கோடிங் கையேட்டில் ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருந்தால் பரவாயில்லை ரகம். ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பு இருந்தால் நல்ல திறன். இந்தப் பதிவில் ஆறுக்குப் பூஜ்யம். எண்ணைப் போர்டில் எழுதியதும் அவரே சிரித்துவிட்டார். "ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி இருக்கு."

மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கச் சொன்னோம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அம்மா சொன்னதிலிருந்துதான் அடுத்த வரி பிறக்க வேண்டும், கையிலிருக்கும் படிவத்திலிருந்து அல்ல.

"மூணு நாள் காய்ச்சல். நீங்க வேலைக்கும் போயாகணும்."

"ஆமாங்க. லீவு போட்டா சம்பளத்தப் பிடிச்சிருவாங்க. எங்க அம்மாவ வரச் சொன்னேன். அவங்களால மாடி ஏற முடியல. ரெண்டாவது நாள் இவன தனியா படுக்க வச்சிட்டுத்தான் போனேன்."

அம்மாவாக நடித்தவர் பிறகு சொன்னார்: தனியாக விட்டுப் போனதைச் சொல்வதாக அவருக்கு உத்தேசமே இல்லையாம். மறைத்தே தீருவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். "அவங்க அப்படிச் சொன்னதும் வாயில வந்துருச்சு."

பரிவு என்றால் பூசி மெழுகுவது, ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று ஒரு பயம் குழந்தைப் பாதுகாப்புத் துறையில் ஆழமாக இருக்கிறது. "நாங்க கவுன்சலர் இல்ல மேடம், குழந்தைக்கு ஏதாவது ஆனா எங்களத்தான் கேப்பாங்க" என்று ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. நியாயமான பயம். ஆனால் மேலே உள்ள இரண்டு உரையாடல்களில் எது குழந்தையின் ஆபத்தை வெளியே கொண்டுவந்தது? அதைத் தெரிந்துகொண்டபின் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஏழு வயசுப் பையன ராத்திரி தனியா விட்டது எனக்குக் கவலையா இருக்கும்மா. இதப் பத்தி நாம இன்னைக்கே பேசணும்." இதையும் பணியாளராக நடித்தவர் சொன்னார். சொன்ன பிறகும் அந்த அம்மா பேசிக்கொண்டுதான் இருந்தார்.

சமூகப் பணி ஆய்வாளர் டொனால்ட் ஃபாரஸ்டரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதே இடத்தைத்தான் தொட்டன. தாயாக ஒரு நடிகரை உட்கார வைத்துச் சமூகப் பணியாளர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கேள்விகள் குவிந்திருந்தன, அதிலும் மூடிய கேள்விகள். பிரதிபலிப்புகள் மிகக் குறைவு. பரிவோடு பேசிய பணியாளர்களிடம் எதிர்ப்பு குறைவாகவும், வெளிவந்த தகவல் கூடுதலாகவும் இருந்தது. குழந்தையைப் பற்றிய கவலையைத் தெளிவாக எடுத்து வைப்பதற்குப் பரிவு தடையாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது. 'ஒத்துழைக்காத பெற்றோர்' என்று நாம் முத்திரை குத்துவதில் ஒரு பங்கு நம் பேச்சு உண்டாக்கியது.

பிரதிபலிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயிற்சியின் முதல் நாளில் எல்லோரும் கிளிப்பிள்ளை ஆகிவிடுவார்கள். "தூக்கமே வரலீங்க" என்றால் "உங்களுக்குத் தூக்கம் வரல" என்பார்கள். எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். நக்கல் செய்கிறாரோ என்று தோன்றும். நாம் சாதாரணமாகப் பேசும்போது இதை எவ்வளவோ லாவகமாகச் செய்கிறோம். "படுத்தா மனசு ஓடிக்கிட்டே இருக்கும் போல" என்று சொல்லத் தெரிந்தவருக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பேச்சு படிவத்தைக் கையில் எடுத்ததும் காணாமல் போகிறது, அதுதான் சிக்கல். கூடவே இன்னொன்றும் பதிவுகளில் கேட்கும்: பொறுமை தீரும் நிமிடத்தில் 'நீங்க' சத்தமில்லாமல் 'நீ' ஆகிவிடும். எந்தக் கையேட்டிலும் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. நான் சொந்தமாக ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் பேசுவதே இப்படி என்றால் குழந்தைகளிடம்?

2000-ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய, பாட்டி முறையான உறவுக்காரப் பெண்ணாலும் அந்தப் பெண்ணின் துணைவனாலும் வதைக்கப்பட்டு இறந்தாள். லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003-இல் வந்தது, 108 பரிந்துரைகள். சமூகப் பணித் துறை, காவல் துறை, மருத்துவமனை என்று பலரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பன்னிரண்டு வாய்ப்புகளை விசாரணை அடையாளம் கண்டது. அவளுடைய கேஸைக் கையில் வைத்திருந்த பணியாளர் அவளை நான்கு முறை சந்தித்தார். நான்கையும் கூட்டினால் அரை மணி நேரம்கூட இல்லை. பைலில் அவளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருந்தது. அவளிடம் உட்கார்ந்து பேசியவர்தான் இல்லை. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தக் கருத்தை வெளிக்கொண்டுவரும் திறன் எதிரில் இருக்கும் பெரியவரிடம் இல்லாவிட்டால் அந்த உரிமையைக் குழந்தை எங்கே போய்ப் பயன்படுத்தும்?

பேசாமல் விடுவது ஒரு ஆபத்து. பேசுகிறேன் என்று குழந்தையின் வாயில் பதிலைத் திணிப்பது இன்னொரு ஆபத்து. 1983-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பாலியல் வன்முறை பற்றிப் பேட்டி எடுத்தார்கள். மற்ற குழந்தைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்பது, 'ஆமாம்' என்றால் பாராட்டுவது, 'இல்லை' என்றால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது என்று பதிவுகள் முழுக்க இதுதான். வழக்கு 1990 வரை இழுத்து, ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. பின்னர் 1998-இல் சேனா கார்வனும் சக ஆய்வாளர்களும் அந்தப் பேட்டி உத்திகளை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்புக்கு ஒருவர் வந்து கதை சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைச் செய்தாரா என்று கேட்கிறார்கள். வெறும் தூண்டும் கேள்விகளைக் கேட்ட குழுவில் 17 சதவீதப் பொய்க் கேள்விகளுக்கு 'ஆமாம்' வந்தது. மெக்மார்ட்டின் உத்திகளைச் சேர்த்ததும் அது 58 சதவீதம் ஆனது. பேட்டி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. குழந்தைகள் பொய் சொல்லவில்லை. எதிரில் இருந்த பெரியவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து அதைக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதும் உண்டு. உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அதன் சொல்லையும் இந்தப் பேட்டிகள் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு மாற்றாக உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய பேட்டி முறை, அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனமான என்.ஐ.சி.எச்.டி.யின் பெயரால் வழங்குகிறது. அதன் உயிர் மிக எளிய ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: "நடந்தது எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லு." குழந்தை நின்றால், "அப்புறம் என்னாச்சு?" அது சொன்ன ஒன்றையே பிடித்து, "மாமா வந்தாருன்னு சொன்னியே, அதப் பத்தி இன்னும் சொல்லு." 'யார்', 'எங்கே' எல்லாம் பிறகு. 'அடிச்சாரா, இல்லையா' என்பது வேறு வழியே இல்லாதபோது, கடைசியில். முக்கிய விஷயத்துக்குப் போவதற்கு முன் சமீபத்தில் நடந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். நிறையச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், பெரியவர் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று குழந்தைக்கு அப்போதுதான் பிடிபடும். "உனக்கு எட்டு வயசுன்னு நான் சொன்னா நீ என்ன சொல்லுவ?" என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்தும். அந்தத் திருத்தலுக்கு அனுமதி உண்டு என்று அதற்குத் தெரிவது அடுத்து வரும் கடினமான பேச்சுக்கு அவசியம்.

பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் காலையைப் பற்றிச் சொல்ல, மற்றவர் 'இன்னும் சொல்லுங்க' போன்ற திறந்த அழைப்புகளை மட்டும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே கேட்பவர் நெளியத் தொடங்குவார். "அப்போ பஸ்லதான் போனீங்களா?" என்று மூடிய கேள்வி ஒன்று நழுவி விழும். கேட்பவருக்கு அமைதியைத் தாங்க முடிவதில்லை. பெரியவர்களுக்குள்ளேயே இப்படி என்றால், கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முன்னால் கை எப்படிப் பதறும் என்று யோசியுங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், பயிற்சிகளில் இது அடிக்கடி குழம்புகிறது. நடந்ததைத் தெரிந்துகொள்ளும் பேட்டி வேறு, ஆறுதலும் மீட்சியும் தரும் ஆலோசனை வேறு. முதலாவதில் பணியாளர் தன் யூகத்தை வெளியே தள்ளி வைக்க வேண்டும். இரண்டாவதில் குழந்தையின் உணர்வோடு நெருங்கிப் போக வேண்டும். ஒரே ஆள் ஒரே குழந்தைக்கு இரண்டையும் செய்யும்படி நேர்ந்தால் இரண்டுமே கெடும். ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

லாம்ப் குழுவின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. பேட்டி எடுப்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, அவர்கள் எடுத்த பேட்டிகளைத் தொடர்ந்து கேட்டுக் கருத்தும் சொல்லி வந்தபோது தரம் உயர்ந்தது. கருத்துச் சொல்வதை நிறுத்தியதும், சில மாதங்களுக்குள்ளாகவே, திறந்த அழைப்புகள் குறைந்து பழைய கேள்விகள் திரும்பிவிட்டன. 2002-இல் வந்த கட்டுரை அது. அவர்கள் அனுபவசாலிகள், எது சரி என்று அவர்களுக்கு மறந்துவிடவும் இல்லை. யாரும் கேட்காதபோது பேச்சு தன் பழைய தடத்துக்குப் போய்விட்டது.

மில்லரும் இதை விடவில்லை. 2004-இல் 140 ஆலோசகர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து ஒரு பெரிய பரிசோதனையை வெளியிட்டார். ஒரு குழுவுக்கு ஒர்க்‌ஷாப் மட்டும், இன்னொன்றுக்கு ஒர்க்‌ஷாப்போடு அவர்கள் பதிவுகளைப் பற்றிய கருத்து, மற்றொன்றுக்குத் தொலைபேசியில் தனிப்பட்ட வழிகாட்டல், நான்காவதுக்கு இரண்டும், கடைசிக் குழு கையேட்டைத் தானே படித்துக் கற்க வேண்டியது. ஒர்க்‌ஷாப் மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் நாளாக ஆகக் கரைந்தது. கருத்தோ வழிகாட்டலோ பெற்றவர்களுக்கு அது தங்கியது. இதற்குப் பின்னும் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பை மட்டும் நடத்திச் சர்டிபிகேட் கொடுக்கிறோம் என்றால், அது திறனுக்காக அல்ல, கணக்குக் காட்டுவதற்காக என்று ஒப்புக்கொண்டுவிடலாம்.

சரி, பயிற்சியோடு தொடர் வழிகாட்டலையும் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஃபாரஸ்டர் குழு அதையும் செய்து பார்த்தது. லண்டனின் ஒரு உள்ளாட்சி அமைப்பில் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 28 பேருக்குப் பயிற்சியும் சூப்பர்விஷனும் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 33 பேர் காத்திருப்புப் பட்டியலில். 2018-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் திறன் கொஞ்சம்தான் உயர்ந்தது. குடும்பங்களின் ஈடுபாட்டிலோ விளைவுகளிலோ வித்தியாசம் தெரியவில்லை.

இந்த முடிவை மாணவர்களிடம் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. எனக்கு அது சோர்வு தரவில்லை. கொடுத்த மருந்தின் அளவு போதவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதுகிறார்கள்: விளைவை மாற்றும் அளவுக்குத் திறன் உயரவே இல்லை. ஏன் உயரவில்லை என்பதைப் பணியிடத்தில் தேட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பணியாளரின் கையில் எத்தனை கேஸ், ஒரு வீட்டில் எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, திரும்பி வந்ததும் மேலதிகாரி முதலில் என்ன கேட்கிறார்? "படிவம் முடிஞ்சதா?" என்பது முதல் கேள்வியாக இருக்கும் அலுவலகத்தில், கதவைத் தட்டும்போதே பணியாளரின் மனதில் படிவம்தான் ஓடும். பேராசிரியர் ஐலீன் மன்ரோ 2011-இல் இங்கிலாந்து அரசுக்குக் கொடுத்த அறிக்கையும், விதிகளும் காகித வேலையும் பெருகிப் பணியாளர்கள் குழந்தைகளோடும் குடும்பங்களோடும் செலவிடும் நேரத்தைத் தின்றுவிட்டதைத்தான் விரிவாகப் பேசியது. சூப்பர்விஷன் என்ற பெயரில் நடப்பதும் பெரும்பாலும் கேஸ் கணக்கெடுப்புதான். எது பாக்கி, எது தாமதம், எப்போது முடியும். "அந்த அம்மா அப்படிச் சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்கும் மேலதிகாரியைப் பார்ப்பது அபூர்வம். கிடைத்தவர்கள் விட்டுவிடாதீர்கள்.

ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் என்னிடம் தலைப்புக் கேட்டு வருவதால் சொல்கிறேன். நூறு பேரிடம் தன்மதிப்பீட்டுத் தாள் வாங்குவதை விடுங்கள். பத்துப் பணியாளர்கள் போதும். பயிற்சிக்கு முன் ஒரு பதிவு, முடிந்ததும் ஒன்று, நாலைந்து மாதம் கழித்து ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது நிமிடத்தை எடுத்து எழுத்தாக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும், பொறுமை வேண்டும். எது முந்தைய பதிவு, எது பிந்தையது என்று தெரியாத ஒருவரிடம் கோடிங்கைக் கொடுங்கள். ஒரு பகுதியை இன்னொருவரும் தனியாகக் கோடிங் செய்து இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். உண்மையான குடும்பங்களைப் பதிவு செய்ய அனுமதி கிடைக்காவிட்டால் நடிகர்களை வைத்துச் செய்யலாம், ஃபாரஸ்டர் செய்ததைப் போல. எண்ணிக்கை சிறியது என்று தேர்வாளர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நூறு பேர் தங்களைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளைவிடப் பத்துப் பேர் பேசியது மேல்.

குழந்தைகளிடமே கேட்க விரும்பினால் இன்னும் நிதானம் வேண்டும். பாதுகாவலரின் ஒப்புதல் ஒரு பக்கம், குழந்தையின் சொந்தச் சம்மதம் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெரியவருக்குப் பயந்து தலையாட்டும் பிள்ளையின் 'சரி'யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; நடுவில் எழுந்து போகலாம் என்று சொல்வதோடு, எழுந்து போகும் பிள்ளையைச் சிரித்த முகத்தோடு அனுப்பியும் காட்ட வேண்டும். "நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டியிருக்கும். அதைத் தொடக்கத்திலேயே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னதால் சில குழந்தைகள் பேசாமல் போகலாம். வாக்கை மீறி அவர்களுடைய நம்பிக்கையை இழப்பதைவிட அது பரவாயில்லை.

பதிவுகளைப் பற்றிப் பணியாளர்களுக்கு இருக்கும் பயமும் பொய்யில்லை. தன் குரலைத் தானே கேட்பதே கூச்சம். அதை மேலதிகாரி கேட்டால் பதவி உயர்வில் கைவைப்பார்களோ என்ற சந்தேகம் வேறு. ஆகவே மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவாக, சமநிலையில் உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து, பேசியவரே தேர்ந்தெடுத்த ஐந்து நிமிடத்தைக் கேட்பது என்று வைத்துக்கொள்வது நல்லது. குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருக்க வேண்டும், பெயர்கள் நீக்கப்பட வேண்டும், எந்தத் தேதியில் பதிவு அழிக்கப்படும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பதிவுகளைப் பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று நிர்வாகம் எழுதித் தராத இடத்தில் நான் பதிவுக் கருவியை வெளியே எடுப்பதில்லை.